ஆர்ச்சரும் லார்விக் வீடும்

"வீட்டில் இரண்டு மொழி பேசினால் பிள்ளை குழம்பிப்போகும்" என்று யாராவது சொன்னால் எனக்கு ஆங்கில நாடக விமர்சகரும் மொழிபெயர்ப்பாளருமான வில்லியம் ஆர்ச்சர் நினைவுக்கு வந்துவிடுவார்.

1856-இல் ஸ்காட்லாந்தின் பெர்த்தில் பிறந்தவர். தாத்தா பாட்டி இருந்தது நார்வேயில், லார்விக் என்ற கடலோர ஊரில். சின்ன வயதில் அந்த வீட்டில் இருந்த நாட்களில் நார்வே மொழி அவரிடம் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் நார்வே நாடகாசிரியர் இப்சன் அவருடைய மொழிபெயர்ப்பில் லண்டன் மேடைக்கு வந்தது அந்த வீட்டு மொழியால்தான்.

முதல் இப்சன் நாடகம் 1880 டிசம்பரில் லண்டன் கெயிட்டி அரங்கில் ஒரே ஒரு பகல் காட்சி, அதோடு சரி. 1889-இல் 'பொம்மை வீடு' மேடையேறிய பிறகுதான் ஊர் விழித்தது. 1891-இல் 'ஆவிகள்' வந்ததும் பத்திரிகைகள் கொதித்துப்போய்த் திட்டின. 'திறந்த சாக்கடை' என்றே எழுதியது ஒரு நாளிதழ். ஆர்ச்சர் அந்த வசவுகளைப் பொறுக்கிச் சேர்த்து, வரிசையாக அடுக்கி, அப்படியே அச்சில் போட்டார். எதிர்வாதம் எழுதியிருந்தால்கூட அவ்வளவு சுருக்கென்று தைத்திருக்காது.

இன்னொன்று. பிரிட்டிஷ் அருங்காட்சியக வாசகசாலையில் ஓர் இளைஞர் நாள் தவறாமல் மார்க்ஸின் மூலதனத்தையும் வாக்னரின் இசைக்குறிப்புப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். அவர்தான் பின்னாளில் நாடகாசிரியராகப் புகழ்பெற்ற பெர்னார்ட் ஷா. பத்திரிகையில் விமர்சனம் எழுதும் வேலைக்கு அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனவர் ஆர்ச்சர். விமர்சகர் என்றால் இப்படி ஆளை அடையாளம் காணத் தெரிய வேண்டும்.

இவ்வளவு மதிக்கும் மனிதர்மேல் எனக்குத் தீராத கோபமும் உண்டு. 1917-இல் இந்தியாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நம் தத்துவம், இலக்கியம், சிற்பம் எல்லாவற்றையும் எடைபோட்டு, இது நாகரிகமடையாத நாடு என்று தீர்ப்பு எழுதிவிட்டார். இப்சனைப் புரிந்துகொள்ளாமலே வசைபாடியவர்களை அம்பலப்படுத்திய அதே கை! நார்வேக்குள் பாட்டி வீட்டு வாசல் வழியாகப் போனவர், இங்கே பயணியாக வந்து பார்த்துவிட்டுப் போனார். வித்தியாசம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அதற்கு அரவிந்தர் புதுச்சேரியில் இருந்துகொண்டு 'ஆர்யா' இதழில் மாதக்கணக்கில் பதில் எழுதினார். தென்னிந்தியக் கோயில்களைப் பற்றி அதில் வரும் பக்கங்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். அவற்றையும் படியுங்கள். அப்புறம் ஆர்ச்சரின் இப்சனையும் விட்டுவிடாதீர்கள்.