கூடல்வாய்க்கு யார் பேர் வெட்டுவது?

எங்கள் ஊர்க் கோயிலில் ஒவ்வொரு மின்விசிறி இறக்கையிலும் ஒரு பெயர் இருக்கும். (தெற்கத்திக் கிறிஸ்தவர்களுக்கு அது கோயில்தான். சர்ச் என்ற வார்த்தை எனக்குச் சென்னைக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்டது.) டியூப்லைட் பட்டியில் பெயர், பெஞ்சு முதுகில் பெயர், ஒலிபெருக்கிப் பெட்டியில் இரண்டு பெயர். பிரசங்கம் நீளும்போது அவற்றைப் படித்துத்தான் நான் எழுத்துக்கூட்டவே பழகினேன்.

2023 டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. எங்கள் ஊருக்குள்ளும் முட்டளவு தண்ணீர். வடிந்த பிறகு கோயிலைத் திறந்தால் பாதி பெஞ்சுகள் நனைந்து ஊறிக் கிடக்கின்றன, வடக்குச் சுவரின் பூச்சு பாளம் பாளமாகத் தரையில். எல்லோரும் வெள்ளத்தைத் திட்டினோம். ஏணி போட்டு ஏறிப் பார்த்த கொத்தனார் இறங்கி வந்து, "வெள்ளத்தச் சொல்லாதீங்கண்ணே. கூடல்வாய் தகரம் இத்துப்போயி பத்து வருசம் இருக்கும்" என்றார்.

இரண்டு கூரைச் சரிவுகள் வந்து சேரும் மடிப்புதான் கூடல்வாய். இரண்டு சரிவுகளிலிருந்தும் வரும் தண்ணீர் சேர்ந்து ஓடுவது அந்த வழியாகத்தான். அதில் காய்ந்த வேப்பிலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறி, பனங்கையின் (ஓட்டைத் தாங்கும் பனஞ்சட்டம்) நுனியை உளுத்துப்போக வைத்து, சுவருக்குள் இறங்கும். வருடம் ஒருமுறை ஐப்பசி மழைக்கு முன்னால் ஓர் ஆள் ஏறித் துடைப்பத்தால் தள்ளியிருந்தால் போதும். அந்த ஆள்கூலியை யாரும் கொடுக்கவில்லை. ஏன் என்றால், கூடல்வாயில் யார் பேரையும் வெட்ட முடியாது.

அதே பத்து வருடத்தில் கோபுரத்துக்கு வண்ண விளக்கு வந்தது, வாசலுக்குக் கிரானைட் வந்தது. இரண்டுக்கும் பணம் புரட்ட ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் கேட்டுப் பழக்கியது நம் கமிட்டிகள்தான். அதில் நானும் ஒரு தடவை இருந்திருக்கிறேன்.

சுவர் கதை இன்னும் மோசம். அது சுண்ணாம்புச் சுவர். எங்கள் பக்கத்தில் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி சேர்த்து அரைத்துப் பூசிய காலம் அது. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் தானே விட்டுவிடும். ஒரு பண்டிகைக்காக 'புதுப்பிக்கிறோம்' என்று மேலே சிமென்ட் பூசி, அதற்கும் மேலே பெயின்ட் அடித்தார்கள். உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு வந்தது. பழைய கோயிலைக் கெடுத்ததில் பாதிப் பங்கு இந்த மாதிரிப் புதுப்பித்தலுக்குத்தான்.

இப்போது ஒரு கூட்டம் இடித்துவிட்டு கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டுவோம் என்கிறது. சரி, எதற்குப் பெரிது? கிறிஸ்துமஸுக்கும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் மட்டும்தான் இடம் போதவில்லை, அதற்குப் பந்தல் இருக்கிறது. மற்ற ஞாயிறுகளில் பின் பெஞ்சுகள் காலி. இடையன்குடியில் கால்டுவெல் தொடங்கிய கோயில் முடிய 33 வருடம் ஆனது, 1847 முதல் 1880 வரை. கையில் காசு வர வரக் கட்டினால் அப்படித்தான் ஆகும். நமக்கோ ஒரே வருடத்தில் இடித்துக் கட்டி, கல்வெட்டில் இந்தக் கமிட்டியின் பெயரும் வந்துவிட வேண்டும்.

பணம் திரட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆச்சி காலத்தில் கைப்பிடி அரிசி உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். பெயர் கிடையாது, ஒரு வாரமும் விட்டுப்போனதும் கிடையாது. பழைய கட்டடத்துக்குத் தேவை அந்த மாதிரிப் பணம்தான். ஒரே ஆள் தரும் பெரிய தொகை ஒரு வேலையோடு தீர்ந்துவிடும், கூடல்வாய் வருடா வருடம் கேட்கும்.

ஏலத்தையும் விட்டுவிடக் கூடாது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த ஒரு முட்டையை ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்தவர் அதையே திருப்பிக் கொடுக்க, மறுபடி ஏலம் போகும். கொடுக்க மனமில்லாத ஊர் இப்படிச் செய்யுமா? எதற்குப் போகிறது என்று தெரிந்தால் கொடுப்பார்கள். ஆகவே மாதக் கணக்கை வாசலில் ஒட்டுங்கள்: தகரம் இத்தனை அடி, சுண்ணாம்பு இத்தனை மூட்டை, கூலி இவ்வளவு. 'கட்டட நிதி' என்ற ஒற்றை வரியை யாரும் நம்புவதில்லை, நம்பவும் வேண்டாம்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருக்கும் மச்சான் தன் சம்பளத்தில் வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய தம்பி அனுப்பினால் ஆகும், அதற்குத் தனிப் பதிவும் தனிக் கணக்கும் வேண்டும். பாசத்தில் பணத்தைப் போட்டுவிட்டு ஐயரை (எங்கள் பக்கம் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) அலைய விடாதீர்கள்.

போன மாதம் கூடல்வாய்க்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. பணம் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தது, பெயர்ப் பட்டியல் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். ஒரு பெரியப்பா மட்டும் விடவில்லை. கடைசியில் தகரத்தின் அடிப்பக்கத்தில் ஆணியால் தன் அப்பா பெயரைக் கீறச் சொல்லிவிட்டு, ஏணியைப் பிடித்தபடி கீழே நின்றிருந்தார்.

அடுத்தது வடக்குச் சுவர். சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டும் என்கிறார் கொத்தனார். ஈஸ்டருக்கு அந்தச் சுவர் செங்கல் தெரிய, அசிங்கமாகத்தான் இருக்கும். இப்போதே சொல்லிவைக்கிறேன், போட்டோ எடுக்கிறவர்கள் தெற்குப் பக்கமாக நின்றுகொள்ளுங்கள்.