ஓடும் டிராலிபஸ்ஸுக்கு சார்ஜ் ஏறாதா? ஏறும்!

எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு நாளாக ஒரு செய்தி சுற்றுகிறது. டிராலிபஸ் (சாலைக்கு மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பஸ்) ஓடும்போது பேட்டரியில் சார்ஜ் ஏறாது, கம்பி விட்டுப்போனால் நடுரோட்டில் நின்றுவிடும், அதனால்தான் சிங்கப்பூர் அதை மூட்டை கட்டியது என்று.

தவறு. இங்கே 1926 முதல் 1962 வரை ஓடியவை பேட்டரியை நம்பியே ஓடவில்லை, அப்புறம் எங்கே சார்ஜ் பிரச்சினை? கம்பி விட்டால் நின்றது உண்மைதான், யாராவது இறங்கிக் கூரைக் கம்பத்தைத் திரும்பக் கம்பியில் மாட்ட வேண்டும்.

இப்போதைய வண்டிகள் பல வேறு மாதிரி, அவற்றில் பேட்டரியும் உண்டு. கூரையில் இரண்டு கம்பங்கள்: ஒன்றில் மின்சாரம் வரும், ரப்பர் டயர் வழியே மின்சாரம் தரைக்குப் போகாது என்பதால் மற்றொன்றில்தான் அது திரும்பிப் போக வேண்டும். வருவதில் ஒரு பங்கு மோட்டாருக்கு, மீதி பேட்டரிக்கு, அதுவும் வண்டி ஓட ஓடவே. கம்பி முடிகிற இடத்தில் ஓட்டுநர் பட்டனை அழுத்தினால் கம்பங்கள் இறங்கிவிடும், வண்டி பேட்டரியில் ஓடும், பயணிகளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. செக் நாட்டுத் தலைநகர் பிராகில் விமான நிலையத்துக்குப் போகும் 59ஆம் எண் தடம் 2024இலிருந்து இப்படித்தான் ஓடுகிறது, வழியில் சில பகுதிகளில்தான் கம்பி இருக்கிறது.

சந்தேகமா? பிராக் போக்குவரத்து நிறுவனத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். நம் பழைய கதைக்கு தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்க் காப்பகம் இருக்கிறது. சரி, அந்த மெசேஜை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.