காயப்படுத்திக்கொண்ட கைதியைத் தனியறையில் அடைப்பது தீர்வாகாது

சிறைக்குள் ஒருவர் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டது தெரியவந்தால், காயத்துக்குக் கட்டுப்போட்டுவிட்டு அவரைத் தனியறைக்கு மாற்றுவது பல சிறைகளில் இன்றும் வழக்கமாக இருக்கிறது. அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிட்டாலும், பேச்சுத்துணையும் வேலையும் ஒரே நாளில் பறிபோன மனிதருக்கு அது தண்டனையாகத்தான் போய்ச் சேர்கிறது.

இதை இரக்கத்தால் மட்டும் சொல்லவில்லை. நியூயார்க் நகரச் சிறைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வின்படி, சிறைக்கு வந்தவர்களில் தனிமைச் சிறையை அனுபவித்தவர்கள் 7 சதவீதத்தைச் சற்றே தாண்டுவர். பதிவான சுயகாயச் சம்பவங்களிலோ பாதிக்கு மேல் அவர்களுடையவை. மனநோய் உள்ளவர்களைத்தானே அங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்கலாம். தீவிர மனநோய், வயது, சிறையிலிருந்த காலம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நீடித்தது. ஐ.நா. பொதுச் சபை 2015-இல் ஏற்ற, சிறைவாசிகளை எப்படி நடத்த வேண்டும் என்று கூறும் நெல்சன் மண்டேலா விதிகள் தனிமைச் சிறையைத் தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் நீட்டிக்கக் கூடாது என்கின்றன.

கவனத்தை ஈர்க்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: எத்தனை மனு கொடுத்தாலும் பதில் வராமல், இரத்தம் கண்டால் மட்டுமே மருத்துவர் வருவார் என்ற நிலையை உண்டாக்கியது யார்?

சிறைக்கு வந்த முதல் சில நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை. நுழைவாயிலிலேயே கைப்பேசியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். வீட்டாரின் எண்கள் அதற்குள்தான் இருக்கின்றன, மனப்பாடமாக எதுவும் தெரியாது. தாம் எங்கே இருக்கிறோம் என்பது வீட்டுக்குத் தெரியுமா, பிணைக்கு யார் அலைவார்கள் என்று உழன்றுகொண்டிருப்பவரை வரிசையில் நிறுத்தி, மற்றவர் காதுபட, தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், படிவமும் நிறைந்துவிடும். எண்களைக் குறித்துக்கொள்ள அனுமதித்து, அன்றே வீட்டுக்குப் பேசவிட்டு, பிறகு தனியே உட்காரவைத்து அதே கேள்வியைக் கேட்டால் உண்மையான பதில் வர வாய்ப்புண்டு.

வேல்ஸில் உள்ள ஸ்வான்சி சிறையில் 1991-இல், மனத்துயரில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்டு ஆதரவு தரும் சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பு தொடங்கிய ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. சிறைவாசிகளுக்கே பயிற்சி கொடுத்து, சக சிறைவாசியின் மனக்கஷ்டத்தை ரகசியம் காத்துக் கேட்கவைக்கிறார்கள். சீருடையைக் கண்டாலே வாயை மூடிக்கொள்பவர்கூட, தம்மைப்போல் அடைபட்டிருக்கும் இன்னொருவரிடம் பேசுவார். கைதியை நம்பி இன்னொரு கைதியின் உயிரை ஒப்படைப்பதா என்று தயங்கும் அதிகாரிகள், ஆளே இல்லாத அறையை நம்பி ஒப்படைப்பதற்கு மட்டும் தயங்குவதில்லை.

குறித்த இடைவெளியில் கதவுத் துளை வழியே பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடும் காவலர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு தொகுதி முழுவதையும் ஒருவரே பார்க்கும் இரவுப்பணியில் நின்று பேச அவருக்கு ஏது நேரம்? புதிய கேமரா வாங்குவதற்கு முன் அந்தப் பணிக்கு இன்னோர் ஆளைப் போட வேண்டும். நீதிமன்றம் போய்த் திரும்பியவரிடம், குறிப்பாகத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு வந்தவரிடம், அன்றிரவே உட்கார்ந்து பேசுவதை அவருடைய முதல் வேலையாக எழுதிவைக்க வேண்டும்.