ஒல்லி மனிதர் துப்பறிவாளர் அல்ல

‘தி தின் மேன்’ (ஒல்லி மனிதர், 1934) என்ற ஹாலிவுட் துப்பறியும் படம் பற்றிய கட்டுரை நன்று, ஆனால் துப்பறிவாளரையே ஒல்லி மனிதர் என்று சொன்னதற்கு ஒரு திருத்தம்: தலைப்பில் வரும் ஒல்லி மனிதர் துப்பறியும் நிக் சார்லஸ் இல்லை, காணாமல் போகும் கண்டுபிடிப்பாளர் வைனன்ட். படம் ஓடிய ஓட்டத்தில் தயாரிப்பு நிறுவனமான எம்.ஜி.எம். அடுத்த ஐந்து படங்களுக்கும் ‘தின் மேனை’ ஒட்டவைக்க, பட்டம் நிக்காக நடித்த வில்லியம் பவல் தலையில் விழுந்துவிட்டது.

கதையின் முடிச்சே அந்த ஒல்லியில்தான் (படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்). வைனன்டின் பட்டறைத் தரைக்கடியில் எலும்புக்கூடு, கூடவே குண்டான ஆளின் உடைகள். போலீஸ் உடையை நம்பி ஏமாறுகிறது. நிக் மட்டும் கால் எலும்பருகே கிடக்கும் பழைய குண்டுச்சிதறலை வைத்து அது வைனன்ட்தான் என்று சொல்லிவிடுகிறார்.

ஆனால் துப்பை விடப் பேச்சுதான் படம். கணவர் ஆறாவது மார்ட்டினி மதுக் கோப்பையில் இருக்கிறார் என்று தெரிந்ததும் நிக்கின் மனைவி நோரா (மிர்னா லாய்) சண்டை போடுவதில்லை. தனக்கு இன்னும் ஐந்தை வரிசையாக வைக்கச் சொல்கிறார். திரைக்கதை எழுதிய பிரான்சிஸ் குட்ரிச்சும் ஆல்பர்ட் ஹேக்கட்டும் நிஜத் தம்பதி. அதனாலோ என்னவோ, சீண்டலில் செயற்கையே இல்லை.

நிக்-நோராவின் நாய் ஆஸ்டா, படத்துக்கு மூலமான டாஷியல் ஹேமட்டின் நாவலில் ஷ்னாவ்ஸர் இனப் பெண் நாய். படத்தில்தான் வயர் ஃபாக்ஸ் டெரியர் ஆனது.