ஒரே ஊர், இரண்டு வானொலி

2023 டிசம்பர் கடைசியில் தென்னாப்பிரிக்க நாடகக் கலைஞர் எம்போங்கேனி என்கேமா சாலை விபத்தில் இறந்த செய்தி வந்தபோது, என் முகநூலில் இரண்டு விதமான பதிவுகள் ஓடின. ஆப்பிரிக்க இனத்தவரான சூலு நண்பர்களுக்கு அவர், நிறவெறி ஆட்சியை எதிர்த்த சொவெட்டோ மாணவர்களின் எழுச்சியை ‘சரஃபினா’ என்ற இசை நாடகமாக்கி பிராட்வே அரங்கு வரை கொண்டுசென்ற கலைஞர். டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் உள்ள நம் உறவினர்களுக்கோ அவர் 2002இல் வெளிவந்த ‘அமாண்டியா’ என்ற ஒரே பாட்டின் சொந்தக்காரர். சிலர் இரங்கல் சொல்ல மனமில்லாமல், அந்தப் பாட்டின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தார்கள்.

அந்தப் பாட்டை நியாயப்படுத்த நான் வரவில்லை. இந்தியர்கள் மாற மறுப்பவர்கள், சூலு மக்களின் வறுமைக்கு அவர்களே காரணம் என்று ஓர் இனம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பாட்டு அது. ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட 1949 ஜனவரிக் கலவரத்தில் 142 பேர் மாண்ட டர்பனில் இப்படியொரு பாட்டு எதையெல்லாம் கிளறிவிடும் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. மனித உரிமை ஆணையம் முறையிட்டது. ஒலிபரப்புப் புகார் ஆணையம் அது வெறுப்புப் பேச்சே என்று தீர்ப்பளித்தது. மண்டேலா மன்னிப்புக் கேட்கச் சொன்னார். விவாதத்தைத் தொடங்கவே எழுதினேன் என்றார் என்கேமா. தீர்ப்பு சரியானது என்பதே இன்றும் என் கருத்து. ஆனால் அந்த விவாதம் ஏன் நடக்கவே இல்லை என்ற கேள்விக்கு அவர் ஒருவர் மட்டும் பதில் சொல்ல முடியாது.

பாட்டு ஒலித்தது உக்கோசி எஃப்எம்மில். நாட்டிலேயே அதிக நேயர்களைக் கொண்ட அந்தச் சூலு வானொலியை நம் வீடுகளில் வைப்பவர்கள் அபூர்வம். நம்மில் பலர் அந்தப் பாட்டைக் கேட்கவே இல்லை. ஆங்கில நாளேடுகளில் வந்த வரிகளைப் படித்துத்தான் கொதித்தோம். நம் கோபம் நம் பத்திரிகைகளிலும் இந்தியர்களுக்கான வானொலியான லோட்டஸ் எஃப்எம்மிலும் கொட்டியது. அதைக் கேட்கச் சூலு வீடுகளில் எவரும் அந்த அலைவரிசைக்குத் திருப்பியிருக்கப் போவதில்லை. ஒரே நகரத்தில், ஒரே பாட்டைப் பற்றி, இரண்டு சமூகங்கள் வாரக்கணக்கில் பேசின. ஒன்று பேசியது மற்றதன் காதில் விழவில்லை.

இந்த ஏற்பாடு தானாக அமைந்ததல்ல. நிறவெறி ஆட்சி நடந்த 1960களில் நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி. ‘ரேடியோ பாண்டு’ என்ற பெயரில் ஆப்பிரிக்க மொழிகளுக்குத் தனித்தனி ஒலிபரப்புகளை அமைத்தது. இரண்டு மொழிகள் கலந்த பாட்டு எந்த நிலையத்துக்கும் உரியதில்லை என்று ஒதுக்கப்பட்டது. வெள்ளையரான ஜானி கிளெக்கும் சூலு இனத்தவரான சிபோ எம்சுனுவும் சேர்ந்து நடத்திய ஜுலுக்கா குழுவின் பாட்டுகளுக்கு நேர்ந்தது இதுதான். தணிக்கை காகித உத்தரவோடும் நிற்கவில்லை. ஒலிபரப்பு நூலகத்தில் இருந்த இசைத்தட்டுகளில், விலக்கப்பட்ட பாட்டு இருக்கும் இடத்தைக் கூரான கருவியால் கீறிவைத்தார்கள். எந்த அறிவிப்பாளரும் மறந்தும்கூட அங்கே ஊசியை வைத்துவிடக் கூடாது என்பது ஏற்பாடு. அடுத்த பாட்டின் ஒலித்தடங்கள் பழுதில்லாமல் பளபளக்க, பக்கத்திலேயே குறுக்கும் நெடுக்குமாக வெளுத்த கீறல்கள். இவ்வளவு பொறுமையாக, கைவேலையாகச் செய்யப்பட்ட இனவெறி அது.

நம் பங்கு 1983 ஜனவரியில் ரேடியோ லோட்டஸாக வந்து சேர்ந்தது. இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் தனித்தனி அவைகளைக் கொடுத்து, ஆப்பிரிக்கரை வாசலுக்கு வெளியே நிறுத்திய முச்சபை நாடாளுமன்றத் திட்டமும் அதே ஆண்டில்தான் நிறைவேறியது. 1984 தேர்தலை நம்மில் பெரும்பாலோர் புறக்கணித்தோம், அதை இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். வானொலியை மட்டும் புறக்கணிக்கவில்லை. இதற்காக என் ஆயாவின் தலைமுறையை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளியிலும் அலுவலகத்திலும் தமிழுக்கு இடமில்லாதவர்களுக்கு, அடுப்படியில் ஒரு பக்திப் பாட்டு கேட்பது சிறிய விஷயம் அல்ல. ஆனால் கொடுத்தவன் எதற்குக் கொடுத்தான் என்பதை மறக்க முடியவில்லை.

இத்தனைக்கும் இந்த ஊர் வேறு விதமாகவும் இருந்திருக்கிறது. 1950களில் விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்சில் ஆப்பிரிக்க ஜாஸ் கலைஞர்கள் வாசித்தார்கள். பிறகு கலப்பு அவையோருக்குத் தடை இறுகியது. 1964இல் பிரித்தானியப் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் நிறம் பார்த்துப் பிரித்த அவையோர்முன் பாட மறுத்ததற்காக நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். டர்பனில் ஃபத்தார் சகோதரர்கள் தொடங்கிய ஃபிளேம்ஸ் இசைக்குழு லண்டனுக்குப் போயிற்று. அதில் இருந்த ரிக்கி ஃபத்தாரும் பிளாண்டி சாப்ளினும் 1972இல் கலிஃபோர்னியாவின் பீச் பாய்ஸ் குழுவிலேயே சேர்ந்தார்கள். உலகப் புகழ்பெற்ற வெள்ளைக் குழுவில் வாசிக்க முடிந்த அவர்களால், சொந்த ஊரில் ஒரு வெள்ளைக் குழுவோடு பொது மேடை ஏற முடியாத காலம் அது.

பிரித்துவைத்ததில் லாபம் பார்த்தவர்களும் உண்டு. நம் நேட்டால் மாகாணத்தின் எம்சிங்காவிலிருந்து ஜோஹானஸ்பர்க் போன சாலமன் லிண்டா 1939இல் காலோ இசைத்தட்டு நிறுவனத்தில் ‘எம்பூபே’ என்ற பாட்டைப் பாடிப் பதிவுசெய்தார். பாட்டின் உரிமை 10 ஷில்லிங்குக்குக் கைமாறியது. அமெரிக்காவில் அது வேறு பெயர்களில் வெற்றிமேல் வெற்றி பெற்று, டிஸ்னியின் சிங்கப் படம் வரை போனது; லிண்டா 1962இல் ஏழையாகவே இறந்தார். ஆசிரியர் இறந்து 25 ஆண்டுகளில் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற 1911ஆம் ஆண்டு பிரித்தானியச் சட்டத்தைத் தேடிப்பிடித்து வழக்குப் போட்ட பிறகே, 2006இல் அவருடைய மகள்களுக்கு ஓர் உடன்பாடு கிடைத்தது. பேரரசுக் காலத்துச் சட்டம் ஒரு சூலு குடும்பத்துக்குக் கைகொடுத்த விந்தை ஒருபுறம் இருக்கட்டும். பாடியவர் ஆப்பிரிக்கர், பத்திரம் வெள்ளையர் நிறுவனத்திடம், இசைத்தட்டை விற்ற கடைகளில் நம்மவர் கடைகளும் உண்டு. என்கேமாவின் பாட்டு இந்த மூன்றில் கண்ணெதிரே நின்ற கடைக்காரரை மட்டும் பார்த்தது. பத்திரம் வைத்திருந்தவரைப் பார்க்கவில்லை.

2016 மே மாதத்தில் எஸ்.ஏ.பி.சி. தன் வானொலிகளில் 90 விழுக்காடு உள்நாட்டு இசையே ஒலிக்க வேண்டும் என்று அறிவித்தபோது, லோட்டஸ் நேயர்கள் கொதித்தெழுந்தார்கள். உத்தரவு முரட்டுத்தனமானது, உண்மைதான். என்றாலும் ஐந்து தலைமுறையாக இங்கே வாழும் நாம், உள்நாட்டு இசை என்றதும் ஏதோ அயலார் சரக்கைத் திணிப்பதுபோல் பேசினோம்.

சாட்ஸ்வொர்த்தில் அண்மையில் ஒரு திருமண வரவேற்பு. தமிழ்த் திரைப்பாட்டு முடிந்து டிஜே தென்னாப்பிரிக்க நடன இசையான அமாபியானோவுக்கு மாறியதும், வேட்டி கட்டியவர்கள் உட்பட அத்தனை பேரும் எழுந்து ஆடினார்கள். எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த சூலுப் பெண் ஒருத்தி, தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாளத்துக்கு இரண்டடி முன்னே வந்தாள். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கண்ணால் சைகை காட்ட, அவள் தட்டோடு சமையலறைக்குள் போய்விட்டாள். “ஏன் அங்கிள், அவங்க பாட்டுத்தானே?” என்று கேட்டேன். “பாட்டு வேற, ஆள் வேற, தம்பி” என்றார், சிரித்துக்கொண்டே. வெறுப்புப் பேச்சு என்று இதை எந்த ஆணையமும் விசாரிக்காது.

ஜோஹானஸ்பர்கின் பாடகி டைலா 2024இல் கிராமி விருது வாங்கியபோது, அவருடைய சீத்தல் என்ற குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு ‘நம்ம பொண்ணு’ என்று வாட்ஸ்அப் குழுக்கள் கொண்டாடின. சூலு, ஐரிஷ், மொரிசியஸ், இந்திய வழிகள் எல்லாம் தனக்கு உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். நாம் நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

லோட்டஸும் உக்கோசியும் ஒரே பொது நிறுவனத்தின் நிலையங்கள், இரண்டும் இயங்குவது டர்பனில். வாரத்தில் ஒரு மணி நேரம் இரண்டிலும் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மஸ்கண்டி என்ற சூலு நாட்டுப்புற இசையை வாசிக்கும் ஒரு கித்தார் கலைஞரும் ஒரு காவடிப் பாட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து, சூலுவும் தமிழும் ஆங்கிலமும் கலந்தே பேசட்டும். இதை ஒரு கோரிக்கையாக எழுதி நிலைய நிர்வாகத்துக்கு அனுப்பப் போகிறேன். பெயர் சேர்க்க விரும்புபவர்கள், குறிப்பாகச் சூலு தெரிந்த இளையவர்கள், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். இரண்டு மொழிகளிலும் எழுத ஆள் வேண்டும்.