இரண்டு ஆண்டு வரைபடத்தை வைத்து ஒரு நாட்டைச் சோம்பேறி என்பதா?

“இந்தோனேசியா உழைத்தது, பிலிப்பைன்ஸ் உறங்கியது” என்ற தலைப்போடு சுற்றிவரும் அந்த அரிசி இறக்குமதி வரைபடத்தைப் பார்த்த பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. 2024, 2025 என இரண்டே ஆண்டுகள். இந்தோனேசியாவின் கோடு சரிகிறது, பிலிப்பைன்ஸின் கோடு மேலேயே நிற்கிறது. தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. அரிசியின் நிகர இறக்குமதி, அதாவது வாங்கியதிலிருந்து விற்றதைக் கழித்தால் வரும் அளவு, ஒரு நாட்டின் உழைப்பை அளக்கும் கருவியன்று. மழை, உலகச் சந்தை விலை, தேர்தல், ஓர் அமைச்சரின் கையெழுத்து எல்லாமே அதில் கலந்திருக்கின்றன. ஓரிரு ஆண்டுகளை மட்டும் வெட்டியெடுத்தால் இவற்றில் எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வெட்டாமல் பார்ப்போமா? 1970-களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸின் கோடு பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கிறது. இன்று பழிக்கப்படும் இதே நாடு அப்போது சிறிதளவேனும் அரிசியை ஏற்றுமதி செய்தது. அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தது இந்தோனேசியா. 1984-இல் அது தன்னிறைவை எட்ட, மறு ஆண்டு அதன் அதிபர் சுகார்த்தோ ரோமில் உலக உணவு வேளாண்மை அமைப்பின் மாநாட்டில் பெருமையோடு பேசினார். 1998-இல் எல் நினோ வறட்சியும் நாணய வீழ்ச்சியும் சேர்ந்து தாக்கியபோது, உலகிலேயே மிக அதிகமாக அரிசி வாங்கிய நாடும் அதுவே. 2008-இல் இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, பதறிப்போய் வாங்கிய பிலிப்பைன்ஸுக்கு அந்தப் பட்டம் போய்ச் சேர்ந்தது. எந்த ஆண்டில் கத்தரிக்கோலை வைக்கிறோமோ, அதற்கேற்பச் சோம்பேறி மாறுகிறான்!

இதில் எனக்குப் பழைய காயமும் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே இரு நாடுகளின் கோடுகளை 1960-களிலிருந்து வரைந்து, அவை ஒன்றையொன்று கடக்கும் இடங்களைச் சிவப்பு வட்டமிட்டு ஒரு கூட்டத்தில் காட்டினேன். “இவ்வளவு நீளத்தை யார் பார்ப்பார்கள், கடைசித் துண்டு போதும்” என்று மேலதிகாரி என் கண்ணெதிரிலேயே படத்தை வெட்டினார். வட்டங்கள் அனைத்தும் வெட்டுப்பட்ட பக்கத்தில் இருந்தன. துண்டுதான் அறிக்கையில் அச்சாயிற்று.

“பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமே பிலிப்பைன்ஸில்தானே, லாஸ் பான்யோஸ் ஊரில் 1960 முதல் இருக்கிறது, பிறகென்ன குறை?” என்று உடனே கேட்பீர்கள். ஐ.ஆர்.8 என்ற அதிக விளைச்சல் தரும் நெல் 1966-இல் அங்கிருந்து ஆசியா முழுவதும் பரவியது உண்மை. ஆனால் விதையைக் கண்டுபிடித்ததற்காக மெக்கோங், சாவ் பிரயா போன்ற பெரிய ஆற்றுப் படுகைகள் அந்தத் தீவுகளில் முளைத்துவிடுமா? ஆண்டுதோறும் புயல்கள்தான் வழி மாறிப் போய்விடுமா? ஆய்வகம் இருக்கும் ஊரில் பசியே இருக்கக்கூடாது என்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

“கொள்கைக்குப் பங்கே இல்லையா?” இருக்கிறது. 2019-இல் அரிசி இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாட்டை நீக்கிச் சுங்க வரியாக மாற்றிய சட்டத்தால் பிலிப்பைன்ஸில் இறக்குமதி கூடியது, உள்ளூர் உழவருக்குக் கிடைத்த நெல் விலை சரிந்தது. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தாலும் பிலிப்பைன்ஸ்தான் அதிகம் வாங்குகிறது. 2024-இல் அங்கே ஆளுக்குச் சுமார் 40 கிலோ, இந்தோனேசியாவில் சுமார் 16 கிலோ. இதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனால் அந்த 2024-இல் இந்தோனேசியாவும் 45 லட்சம் டன் அரிசி வாங்கியதே, உழைப்பாளி நாடு அந்த ஆண்டு எங்கே போயிருந்தது?

2025-இல் இந்தோனேசிய அரசு மக்கள் உண்ணும் சாதாரண அரிசியின் இறக்குமதியை நிறுத்தியது. விளைச்சல் கூடியதை நான் மறுக்கவில்லை, ஆனால் கோடு இவ்வளவு வேகமாகச் சரிந்ததில் அந்த ஆணைக்கும் பங்குண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் பிலிப்பைன்ஸும் இறக்குமதிக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அந்த மாதங்களை மட்டும் வெட்டி எடுத்து, “பிலிப்பைன்ஸ் விழித்துக்கொண்டது” என்று அடுத்த வரைபடத்தையும் நீங்களே போட்டுவிடுங்கள்.