சிலேட்டுக்கு முன்னால் பேச்சு

ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் பலர் முதலில் சொல்வது, "ஏபிசிடி முழுசாச் சொல்லுவான் டீச்சர், அ, ஆ எழுதிருவான்" என்பதுதான். சந்தோஷம். ஆனால் நான் அவர்களிடம் கேட்பது வேறு. "நேத்து வீட்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டா, கோர்வையாச் சொல்லுவானா?" பதில் வரக் கொஞ்சம் நேரமாகும்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கே பாடம் எடுத்து வருகிறேன். எழுத்து தெரியாமல் வரும் பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அதைச் சொல்லித் தருவது என் வேலை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அதற்குத்தான். ஆனால் சொல் இல்லாமல் வரும் பிள்ளைக்கு, முதல் ஐந்து வருடம் வீட்டில் காதில் விழுந்திருக்க வேண்டியதை நான் எங்கிருந்து கொண்டுவருவது?

தமிழ் வாசிக்க இது ரொம்ப முக்கியம். க என்ற ஒரே எழுத்து கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, மகனில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. ட, த, ப எல்லாம் இப்படித்தான் இடத்துக்கு இடம் மாறும். எழுத்தைப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியாது. அந்தச் சொல்லை முன்பே கேட்டிருக்கும் பிள்ளைக்குத்தான் நாக்கு தானாகத் திருந்தும்.

வகுப்பில் ஒரு சிறுமி 'பங்கு' என்ற சொல்லின் கீழே விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். ப... ங்... கு. 'பங்க்கு' என்று அழுத்திச் சொன்னாள். நிறுத்தினாள். இன்னொரு முறை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். சட்டென்று முகம் மலர்ந்து, "பங்கு! எங்க அம்மிச்சி முறுக்குல ஆளுக்கு ஒரு பங்கு வெப்பாங்களே, அது!" என்றாள். பக்கத்தில் இருந்த பையனுக்கு எழுத்து எல்லாம் அத்துப்படி. அவனும் 'பங்க்கு' என்றான், அப்படியே அடுத்த சொல்லுக்குப் போய்விட்டான். எங்கோ இடறுகிறதே என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, அந்தச் சொல் அவன் வீட்டில் புழங்கியதில்லை.

இன்னொன்று. வீட்டில் நாம் 'மழ பேஞ்சுது', 'மாமா வந்தாங்க' என்கிறோம். புத்தகத்தில் 'மழை பெய்தது', 'மாமா வந்தார்' என்று இருக்கிறது. கதை வாசித்துக் காட்டாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த இரண்டாவது தமிழ் முதன்முதலாகப் பள்ளியில்தான் காதில் விழுகிறது. எழுத்தும் புதிது, அந்தத் தமிழும் புதிது என்றால் அந்தப் பிஞ்சு என்ன செய்யும்? அதனால்தான் மூன்று வயதிலிருந்தே வாசித்துக் காட்டுங்கள் என்கிறேன். புத்தகத்தில் உள்ள வரியை உள்ளபடியே, விரலை ஓட்டி வாசியுங்கள். பிறகு உங்கள் பேச்சில் கேளுங்கள்: "அந்த யானை ஏன் கோவிச்சுக்கிச்சு? நீயா இருந்தா என்ன பண்ணுவ?" ஒரே கதையை முப்பது தடவை கேட்டாலும் சலிக்காமல் வாசியுங்கள். அவர்கள் அதை மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கும்போதுதான் வாசிப்பே தொடங்குகிறது.

"நாங்க படிக்காதவங்க டீச்சர், பனியன் கம்பெனில ஷிப்ட் முடிஞ்சு வரவே ஒம்போது மணி ஆயிருது. எங்களால என்ன சொல்லிக் குடுக்க முடியும்?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். சோறு ஊட்டும் நேரம் இருக்கிறதே, அது போதும். உள்ளங்கையில் பருப்பு கடைந்து விரல் விரலாகப் பங்கு வையுங்கள். விடுகதை போடுங்கள். வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து, "மேல் தோல் எப்படி இருக்கு? வழுவழுன்னா, சொரசொரன்னா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பிள்ளை சொல் தேடும் அந்த நேரத்தில் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம், அதுதான் கெடுதல்.

எல்லா வீட்டுச் சுவரிலும் தினசரி காலண்டர் தொங்குகிறது. காலையில் தாளைப் பிள்ளையே கிழிக்கட்டும். பெரிய எண்ணைச் சொல்லட்டும், கிழமையைச் சொல்லட்டும். கீழே ராசிபலனில் சுகம், வரவு, பயம் என்று ராசிக்கு ஒரு சொல்தான் இருக்கும். எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது. தாத்தாவுக்கு இன்றைக்கு என்ன என்று தேடி வாசித்துச் சொல்லும்போது எவ்வளவு பெருமை அந்த முகத்தில்!

செல்போனைக் கொடுத்தால் பாட்டு, கதை எல்லாம் தானே கற்றுக்கொள்கிறது என்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். பாட்ரீஷியா குல் என்ற அமெரிக்க அறிஞரின் குழு 2003-இல் வெளியிட்டது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி விளையாடினார்கள். மொத்தம் 12 அமர்வுகள்தான். அந்தக் குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சை வீடியோவில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல், இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதன்பின் ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது.

இரண்டு வயதாகியும் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். இதில் ஒவ்வொரு மாதமும் பெரிது.

எழுதவைக்க அவசரம் வேண்டாம். மூன்று வயது விரலுக்கு 'இ'யும் 'ஐ'யும் எவ்வளவு பாரம் என்று நினைத்துப் பாருங்கள். மாவு பிசையட்டும், மண்ணில் கிறுக்கட்டும். பிறகு நேர்கோட்டில் வரும் ட, ப-வில் தொடங்கலாம்.

புத்தகம் வாங்கக் காசில்லை என்றால் கிளை நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம், அது நம் இடம். ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன. போனில் திறந்தாலும் பிள்ளையை மடியில் வைத்து நீங்கள் வாசியுங்கள்.

எந்த மொழியில் பேசுவது என்று கேட்பவர்களும் உண்டு. நீங்கள் எந்த மொழியில் கொஞ்சுவீர்களோ, சண்டை போடுவீர்களோ, அதில். "கம் ஹியர், சிட் டவுன், ஈட் ஃபாஸ்ட்" என்று நாலு ஏவல் மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு ஆங்கிலமும் வராது, தமிழும் நிற்காது. எங்கள் ஊரில் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் நிறைய. பீகார், ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனியில் வேலை செய்யும் குடும்பங்களும் இருக்கின்றன. பள்ளியில் சேர்த்ததும் வீட்டு மொழியை நிறுத்திவிட வேண்டுமா என்று அந்த அம்மாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். நிறுத்தவே நிறுத்தாதீர்கள். உங்கள் மொழியில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அடுத்து என்ன நடக்கும், ஏன் நடந்தது என்று கேட்கத் தெரியும். அந்தப் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள், தமிழை நான் பார்த்துக்கொள்கிறேன்.